கோட்டுக்குள் காற்று

ஆண்கள் உடை: வாசகர் கேள்வி பதில்

1920-களிலிருந்து 1960-கள் வரை மேல்நாட்டு ஆண்கள் கோடையில் உடுத்தியதைப் பற்றியும், அதில் எது இன்று நமக்கு ஒத்துவரும் என்பதைப் பற்றியும் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. துணிக்கடைக்கும் டெய்லரிடமும் போகுமுன் கைகொடுக்கக்கூடியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கே: 1930-களின் கோடைக்காலப் புகைப்படங்களில் எல்லோரும் கோட்டு, டை, தொப்பியோடு நிற்கிறார்கள். நான் மெல்லிய டி-ஷர்ட் போட்டும் வியர்த்துக் கொட்டுகிறது. அவர்களுக்கு மட்டும் வியர்க்காதா?
– வாசகர், வேலூர்

ப: வியர்த்தது, நன்றாகவே வியர்த்தது. நாலு பேர் முன்னால் கோட்டைக் கழற்றுவது மரியாதைக் குறைவு என்பதால் பலர் புழுங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அந்தக் கோட்டும், இன்று கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை போட்டுக்கொண்டு நிற்கிற கோட்டும் ஒன்றல்ல.

கோடைக் கோட்டுக்கென்றே அன்று தனித் துணிகள் நெய்தார்கள். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் மார்ட்டின் சன்ஸ் ஆலை 1907-ல் பதிவு செய்த ‘ஃப்ரெஸ்கோ’ அவற்றில் பேர்போனது. முழுக்கக் கம்பளிதான். இரண்டு மூன்று புரி நூலை இறுக்கமாக முறுக்கி, சாதா நெசவில், நூலுக்கு நூல் இடம் விட்டு நெய்வார்கள். முறுக்கு அதிகம் என்பதால் துணி கசங்கினாலும் தானே நிமிர்ந்துகொள்ளும்; இடைவெளி இருப்பதால் காற்று உள்ளே வந்து போகும். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து சான்ஃபோர்டில் கூடால் ஆலை நெய்த ‘பாம் பீச்’ துணிக்குப் பாவு (நீளவாக்கு நூல்) பருத்தி, ஊடை (குறுக்கு நூல்) மொஹேர். மொஹேர் என்பது அங்கோரா ஆட்டின் ரோமம். வழவழப்பானது, விறைப்பானது, உடம்பில் ஒட்டாது.

கடையில் ஒரு துணி இந்த வகையா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். துணியை வாயருகே இழுத்துப் பிடித்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று தாராளமாகப் பட வேண்டும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டைகள் சீராகத் தெரிய வேண்டும். இந்த இரண்டிலும் தேறாத துணி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் புழுங்கத்தான் செய்யும்.

அடுத்தது உள்துணி. பழைய கோடைக் கோட்டில் லைனிங் தோளோடும் கையோடும் நின்றுவிடும். முதுகில் முக்கால்வாசி வெறும் துணிதான். பிசிறு தெரியாமலிருக்க ஒவ்வொரு தையல் ஓரத்தையும் நாடா வைத்து மூடித் தைப்பார்கள். அதனால் லைனிங் குறைந்த கோட்டுக்குத் தையல் கூலி அதிகம், குறைவல்ல. இன்றைய மலிவு கோட்டில் கழுத்திலிருந்து அடிவரை பாலியெஸ்டர் லைனிங்கும், முன்பக்கம் முழுக்கப் பசை வைத்து ஒட்டிய கேன்வாஸும் இருக்கும். மேல்துணி லினனாகவே இருந்தாலும் உடம்பில் படுவது பாலியெஸ்டர்தானே. காற்று ஈரத்தை எந்த இழை எவ்வளவு உறிஞ்சும் என்பதற்கு நெசவுத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. இழையின் எடையில் சதவீதமாகச் சொல்வார்கள்: கம்பளி 16, லினன் 12, பருத்தி 8, பாலியெஸ்டர் 0.4.

எல்லாவற்றையும்விட முக்கியம், உடம்புக்கும் துணிக்கும் நடுவே இருக்கும் இடம். உங்கள் டி-ஷர்ட் உடம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நனைந்ததும் ஒட்டிக்கொள்கிறது, அதற்குமேல் உள்ளே காற்று நகர வழியில்லை. பாலைவன பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1980-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கறுப்புத் துணி கூடுதல் வெப்பத்தை வாங்கியது உண்மை. ஆனால் தொளதொளத்த அங்கிக்குள் ஓடிய காற்று அதைத் தோலுக்குப் போகவிடாமல் கொண்டுபோய்விட்டது. உடம்புக்கு வந்து சேர்ந்த வெப்பம் கறுப்பிலும் வெள்ளையிலும் ஒன்றுதான்.

உங்கள் ஊருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலூர் வெயில் வறண்டது. வெளிக்காற்று தோலைவிடச் சூடாக இருக்கும் நேரத்தில் கையை, கழுத்தைத் திறந்து போடுவதைவிடத் தளர்வான முழுக்கைச் சட்டையால் மூடுவதே மேல். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோரப் புழுக்கத்தில் கணக்கு வேறு. அங்கே வியர்வை காய்வதே கஷ்டம் என்பதால் துணியின் ஓட்டையும் சட்டையின் தளர்வும்தான் கைகொடுக்கும்.

கே: நல்ல விலை கொடுத்து வாங்கிய லினன் சட்டை இரண்டு சலவையில் இறுகிவிட்டது. கசங்கலும் தாங்க முடியவில்லை. பழைய லினன் இப்படிக் கசங்காது என்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

ப: கசங்காத லினன் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கசங்குகிற விதம்தான் வேறு. அன்றைய கோட்டு லினன் கனமானது. மடிந்த இடம் பெரிய அலையாக விழும். இன்றைய சட்டை லினன் மெல்லியது. கூரான சிறு கோடுகளாக மடியும், அதனால் கண்ணை உறுத்தும். கடையில் ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்று கேட்டு வாங்குங்கள். சட்டைக்கு 130 முதல் 160, பேன்ட்டுக்கு 220 முதல் 260, கோட்டுக்கு 280-க்கு மேல். சட்டைத் துணியில் பேன்ட் தைத்தால் உட்கார்ந்து எழுந்ததும் முட்டி புடைத்து நிற்கும். தொடை இடுக்கில் சீக்கிரம் கிழியும்.

இறுகியதற்குக் காரணம், நனைக்காமல் வெட்டியது. துணியை முதலில் குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, அதன் பிறகுதான் டெய்லரிடம் கொடுக்க வேண்டும். மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் சுருங்கினால் ஆச்சரியமில்லை. அதனால் கணக்குக்குமேல் பத்து பதினைந்து சென்டிமீட்டர் கூட வாங்குங்கள். 58 அங்குல அகலத்தில் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர், சாதா பேன்ட்டுக்கு 1.30 மீட்டர் வழக்கமான அளவு.

இஸ்திரி ஈரமாக இருக்கும்போதே போட வேண்டும். எலும்பாகக் காய்ந்த லினன்மேல் எவ்வளவு சூடு வைத்தாலும் கோடு போகாது. காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்து, சுருட்டி, ஒரு பையில் அரைமணி வைத்துவிட்டுத் தேயுங்கள். கஞ்சி போடுகிறவர்கள் காலருக்கும் கைப்பட்டிக்கும் மட்டும் போடட்டும். சட்டை முழுக்கப் போட்டால் துணியின் ஓட்டைகளை அடைத்து, கோடைக்காக வாங்கியதன் பலனையே கெடுத்துவிடுவீர்கள்.

கே: மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டையை, சாயம் போகும் என்று சொல்லியே அமெரிக்காவில் அதிக விலைக்கு விற்றார்களாமே? நிஜமா?
– வாசகர், பொன்னேரி

ப: நிஜம். சென்னையைச் சுற்றிய கைத்தறி ஊர்களிலும் ஆந்திரத்துச் சீராலா பக்கமும் நெய்த கட்டத் துணி வெகு காலமாகவே கடல் கடந்து போய்க்கொண்டிருந்தது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை ‘இன்ஜிரி’ என்கிறார்கள். சில நூல்களை மட்டும் கத்தியால் வெட்டி உருவி, நெய்த கட்டத்துக்குள்ளேயே புதிதாக ஒரு சித்திரம் எடுக்கும் கைவேலை அவர்களிடம் உண்டு.

அமெரிக்கக் கதை 1958-ல் நடந்தது. வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதியாளர், கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் இந்தத் துணியை வாங்கி, நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் ஆடைக் கடைக்குக் கொடுத்தார். கண்ணூர்க்காரரான இந்த நாயர்தான் பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவியவர். குளிர்ந்த நீரில் தனியாக, மெதுவாக அலச வேண்டும் என்ற குறிப்பு சட்டையோடு போகவில்லை. வாங்கியவர்கள் வாஷிங் மெஷினில் மற்ற துணிகளோடு போட்டார்கள். எல்லாவற்றிலும் சாயம் ஏறியது. வழக்குப் போடுவதாக மிரட்டல் வந்தது. கடைசியில் அந்தக் குறையையே சிறப்பாகத் திருப்பி, ‘சாயம் போவதற்கு உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவையிலும் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கி வரும். அப்படி வெளுத்த சட்டைதான் கல்லூரி மாணவர்களிடம் மவுசு பெற்றது.

இன்று மெட்ராஸ் கட்டம் என்று விற்பதில் பெரும்பாலானது விசைத்தறியில், கெட்டிச் சாய நூலில் நெய்தது. சாயம் போகாது, பழசாகும் அழகும் வராது. அது பரவாயில்லை, அச்சடித்த கட்டத்தைத்தான் தவிர்க்க வேண்டும். துணியைத் திருப்பிப் பாருங்கள். நூலுக்குச் சாயமிட்டு நெய்திருந்தால் இரு பக்கமும் ஒரே நிறம். ஓரத்தில் ஒரு நூலை உருவினால் முழு நீளத்துக்கும் ஒரே நிறமாக வரும். அச்சுத் துணியில் நிறமும் வெள்ளையும் மாறி மாறி வரும். இரண்டு நிறங்கள் குறுக்கிடும் இடத்தில் மூன்றாவதாக ஒரு கலவை நிறம் பிறக்கிறதே, கைலியில் தினமும் பார்க்கிறோம், அதுதான் நெய்த கட்டத்தின் அடையாளம்.

கைத்தறித் துணி கிடைத்தால் ஓரத்தை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். கறை ஏறினால் முதல் நாலைந்து சலவை தனியாக, குளிர்ந்த நீரில், ஊற வைக்காமல். உப்புப் போட்டு அலசினால் சாயம் நிற்கும் என்பார்கள்; தறிக்கு முன்னால் பிடிக்காத சாயத்தை உங்கள் வாளியில் போடும் கைப்பிடி உப்பு பிடித்து வைக்காது. அரைக்கைச் சட்டைக்கு 36 அங்குல அகலத்தில் இரண்டு மீட்டர் போதும் என்றாலும், பையிலும் முன்பட்டையிலும் கட்டம் கட்டத்தோடு பொருந்த வேண்டுமானால் கால் மீட்டர் கூட வேண்டும். இதை வெட்டுவதற்கு முன்பே டெய்லரிடம் சொல்லிவிடுங்கள்.

கே: சீர்சக்கர் என்று ஒரு சுருக்குத் துணி விற்கிறார்கள். சிலது நாலு சலவையில் தட்டையாகிவிடுகிறது. அசல் எது?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: அசலில் சுருக்கம் தறியிலேயே விழுகிறது. பாவு நூல் சுற்றிய உருளைகள் (பீம்கள்) இரண்டு. ஒன்று இறுக்கம், இன்னொன்று தளர்வு. இறுக்கப் பாவு தட்டைக் கோடாகவும் தளர்ந்த பாவு புடைத்த கோடாகவும் மாறி மாறி வரும். ஆகவே சுருக்கம் நீளவாக்கில், கோடு கோடாக மட்டுமே இருக்கும். புடைத்த பகுதிதான் தோலில் படும். தட்டைப் பகுதி விலகி நின்று காற்றுக்கு வழிவிடும். சுடச்சுட இஸ்திரி போட்டு நசுக்கினாலும் அடுத்த சலவையில் சுருக்கம் எழுந்து வந்துவிடும்.

போலி என்று சொல்வது, காஸ்டிக் சோடாவைக் கோடாகத் தடவித் துணியை அங்கங்கே சுருங்க வைத்தது. அதற்கு ‘பிளிஸே’ என்று பெயர். இரவு உடைக்குச் சரி. எலாஸ்டிக் நூல் போட்டுச் சுருக்கியதும் வருகிறது. அது உடம்பைப் பிடிக்கும் என்பதால் சீர்சக்கரின் நோக்கத்துக்கே எதிரி.

நியூ ஆர்லியன்ஸில் 1909-ல் தொடங்கிய ஹாஸ்பெல் நிறுவனம் இதில் கோட்டு சூட்டு தைத்து விற்றுப் பேர் வாங்கியது. நமக்கு அரைக்கைச் சட்டைக்குத்தான் மிகவும் பொருந்தும். இஸ்திரிச் செலவு மிச்சம்.

கே: பழைய படங்களில் வரும் மாதிரி உயர்ந்த இடுப்பு, மடிப்பு வைத்த அகலக் கால் பேன்ட் தைக்கக் கொடுத்தேன். சாக்கு மாதிரி வந்திருக்கிறது. டெய்லரிடம் எப்படிச் சொல்ல வேண்டும்?
– வாசகர், திருச்சி

ப: ‘பழைய மாடல், லூசாக’ என்று சொல்லியிருப்பீர்கள். லூஸ் என்றால் டெய்லர் எல்லா அளவையும் கூட்டிவிடுவார். பழைய பேன்ட் இடுப்பில் துல்லியமாகப் பிடிக்கும், சீட்டில் போதுமான அளவு இருக்கும், தொடையிலிருந்துதான் தாராளம்.

முதலில் பட்டி எங்கே உட்கார வேண்டும் என்று விரலால் காட்டுங்கள். தொப்புளுக்குக் கீழே ஒரு விரல்கடை. அந்த இடத்தில் புதிதாக இடுப்பளவு எடுக்கச் சொல்லுங்கள். ஜீன்ஸின் 34 இங்கே செல்லாது. தொப்பை உள்ளவருக்கு இரண்டு மூன்று அங்குலம் கூடும், ஒல்லியானவருக்குக் குறையும். இரண்டாவது, பட்டியின் மேல்விளிம்பிலிருந்து முன்பக்கம் கவட்டை வரை உள்ள நீளம். நடுத்தர உயரக்காரருக்கு இன்றைய ரெடிமேடில் 9½, 10 அங்குலம் இருக்கும். பழைய வெட்டில் 12 அல்லது 12½. பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான். டெய்லர் பட்டியை மேலே உயர்த்தாமல் கவட்டையைக் கீழே இறக்கி அந்த நீளத்தைக் காட்டிவிடுவார். கவட்டை இறங்கினால் நடக்கும்போது துணி தொடைக்குத் தொடை இழுக்கும், பின்னால் தொங்கும். நீங்கள் சொல்லும் சாக்கு அதுதான். கவட்டை உடம்பை ஒட்டி உயரத்தில் இருந்தால்தான் கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் நேராக விழும்.

முன்மடிப்பு பக்கத்துக்கு இரண்டு. முதலாவது இஸ்திரிக் கோட்டோடு சேர்ந்து 1½ அங்குலம், இரண்டாவது அதற்கும் பைக்கும் நடுவே ¾ அங்குலம். நிற்கும்போது மடிப்பு வாயைப் பிளந்தால் சீட் அளவு போதவில்லை என்று அர்த்தம். மடிப்பைத் தைத்து மூடச் சொல்லாதீர்கள், பின்தையலில் அரை அங்குலம் விடச் சொல்லுங்கள். அதற்காகவே பின்தையலில் ஒன்றரை அங்குலத் துணியை உள்ளே மடித்து வைக்கச் சொல்வது புத்திசாலித்தனம். பாட்டம் சுற்றளவு இன்று 13, 14 அங்குலம்; 1930-களில் 20-ஐத் தாண்டியதும் சாதாரணம். குட்டையானவர் 17-ல் நிறுத்திக்கொள்ளலாம். முட்டி அளவு பாட்டத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் கூட. கீழே வெளிமடிப்பு வேண்டுமானால் 1¾ அங்குலம். அதன் கனம் காலைக் கீழே இழுத்துப் பிடிக்கும்.

இத்தனைக்கும் துணி 58 அங்குல அகலத்தில் 1.50 மீட்டர் வேண்டும். பாப்ளின் மாதிரி மெல்லிசில் இந்த வெட்டு எடுபடாது, காலைச் சுற்றிக்கொள்ளும். 240 ஜி.எஸ்.எம். பருத்தி டிரில், கனத்த லினன், அல்லது ஓட்ட மீட்டருக்கு (முழு அகலத்தோடு ஒரு மீட்டர் நீளத்துக்கு) 250 முதல் 280 கிராம் எடையுள்ள முறுக்குக் கம்பளி நன்றாக விழும். பெல்ட் வேண்டாம், அந்த உயரத்தில் பெல்ட் வயிற்றை அறுக்கும், வியர்வையைத் தேக்கும். பக்கத்துக்கு ஒரு சிறு பட்டையும் பக்கிளும் வைத்தால் போதும்.

பிறகு சட்டையை இன் பண்ணித்தான் போட வேண்டும். வெளியே விட்டால் இவ்வளவு வேலையும் சட்டைக்குள் போய்விடும்.

கே: பூப்போட்ட ஹவாய்ச் சட்டைக்கும் சாதா அரைக்கைச் சட்டைக்கும் பூவைத் தவிர என்ன வித்தியாசம்?
– வாசகர், புதுச்சேரி

ப: காலர். சாதா சட்டைக் காலருக்கு அடியில் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை நிற்கும். ஹவாய்ச் சட்டையில் அது கிடையாது; காலர் நேரே உடலோடு சேர்ந்து, விரிந்து படுத்துவிடும். கழுத்துப் பள்ளம் திறந்திருப்பதால் உள்ளே சூடான காற்று மேல்வழியாகப் போகும். அடி விளிம்பு வளைவில்லாமல் நேர்வெட்டு, ஏனென்றால் வெளியே விட்டுப் போடுவதற்கென்றே பிறந்த சட்டை இது. நம் ஊரில் பெரியவர்கள் ‘ஸ்லாக்’ என்று சொன்ன சட்டையும் இந்தச் சாதிதான்.

ஹொனலுலுவில் துணிக்கடை வைத்திருந்த எல்லரி சுன் 1936-ல் ‘அலோஹா’ என்ற பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்தார். ஆரம்பத்தில் ஜப்பானிய கிமோனோத் துணிகளில் தைத்தார்கள். பெயர்போன ரேயான் சட்டைகள் பெரும்பாலும் 1940, 50-களில் வந்தவை. 1966-லிருந்து வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்துக்கே போட்டுவரலாம் என்ற வழக்கம் அங்கே வந்தது.

தைக்கும்போது மார்பளவுக்குமேல் ஆறு அங்குலம் தளர்வு விடுங்கள். இன்றைய ஸ்லிம் ஃபிட்டில் மூன்றுதான் இருக்கும். காலருக்குள் கனத்த பசை கேன்வாஸ் வைத்தால் பலகை போல் தூக்கிக்கொண்டு நிற்கும், மெல்லியதே போதும். ரேயானில் கவனிக்க வேண்டியது, நனைந்ததும் அதன் வலு பாதிக்குக் கிட்டே குறைந்துவிடும். முறுக்கிப் பிழிந்தால் தோள் தையல் விட்டுவிடும். அலசி, துண்டுக்குள் வைத்து அமுக்கி, நிழலில் உலர்த்துங்கள்.

கே: பனாமா தொப்பி என்று இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். ஒரே வருடத்தில் முன்பக்கம் விரிந்து கிழிந்துவிட்டது. அசல்தானா?
– வாசகர், கொடைக்கானல்

ப: அந்த விலைக்குக் காகித நாரில் செய்ததாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அசல் வருவது பனாமாவிலிருந்து அல்ல, எக்வடோரிலிருந்து. டொகியா என்ற பனை போன்ற செடியின் இளங்குருத்தைக் கீறி, வேகவைத்து, உலர்த்திக் கையால் பின்னுவார்கள். மிக நுணுக்கமான பின்னலுக்கு மோன்டெகிறிஸ்டி ஊர். 2012-ல் யுனெஸ்கோ பட்டியலில் இந்தக் கைவேலை ஏறியது. தொப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உச்சியின் மையத்தில் பின்னல் தொடங்கிய புள்ளியும், அதைச் சுற்றி வளையங்களும் தெரியும். நாடாவைச் சுருளாக வைத்து மெஷினில் தைத்த கோடு தெரிந்தால் அது வேறு ரகம்.

அசலாகவே இருந்தாலும் நீங்கள் சொல்லும் இடத்தில்தான் கிழியும். முன்பக்கக் குழிவை இரண்டு விரலால் கிள்ளித் தூக்குவதுதான் காரணம். நார் காய்ந்திருக்கும்போது ஒவ்வொரு கிள்ளலும் ஒரு முறிவு. விளிம்பின் இரு பக்கத்தையும் இரு கையால் பிடித்து எடுங்கள். காரின் கண்ணாடிக்கு அடியில் வைக்காதீர்கள். நார் மொறுமொறுவென்றானால் கெட்டில் ஆவியில் ஒரு சாண் தள்ளிச் சில விநாடி காட்டினால் இளகும். உள்ளே இருக்கும் வியர்வைப் பட்டையை வெளியே திருப்பிக் காயவிட்ட பிறகு வையுங்கள். சுருட்டி வைக்கலாம் என்று விளம்பரம் சொல்லும், வைக்காதீர்கள்.

வைக்கோல் தொப்பிக்குப் பருவம் பார்த்த ஊர் நியூயார்க். செப்டம்பர் 15-க்குப் பிறகு போட்டால் தட்டிவிட்டு மிதிப்பது அன்று அங்கே விளையாட்டு. 1922-ல் பையன்கள் நாள் வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட, அது பல நாள் தெருக் கலவரமாக முற்றிப் பலர் கைதானார்கள்.

கே: நம் வெயிலில் வெள்ளைக்காரர்கள் சோலா தொப்பி, கம்பளி வயிற்றுப் பட்டை என்று மாட்டிக்கொண்டது ஏன்?
– வாசகர், தஞ்சாவூர்

ப: பாதி பயம், பாதி விவரம். வயிற்றில் குளிர் பட்டால் காலரா வரும் என்று நம்பி ஃபிளானல் பட்டையைச் சுற்றிக்கொண்டார்கள். 1884 வாக்கில் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் காலராக் கிருமியை அடையாளம் காட்டிய பிறகும் பல பத்தாண்டுகள் இந்தப் பட்டை பெட்டியை விட்டுப் போகவில்லை. சூரியக் கதிர் முதுகெலும்பைத் தாக்கும் என்று முதுகில் பஞ்சுத் திண்டு வைத்ததும் அதே கதைதான். சிவப்பு நூல் அந்தக் கதிரைத் தடுக்கும் என்று லண்டன் மருத்துவர் லூயி சாம்போன் சொல்ல, வெளியே பசுமை கலந்த பழுப்பும் உள்ளே சிவப்புமாக ‘சொலாரோ’ என்ற துணியே நெய்தார்கள். காரணம் பொய்த்துவிட்டது, வெயிலில் நிறம் மாறி மினுங்கும் அழகுக்காக அந்தத் துணி இன்றும் விற்கிறது.

விவரமான பகுதி தொப்பி. உங்கள் ஊர்க் கலைஞர்கள் கோயில் உருவங்கள் செதுக்கும் அதே நெட்டிதான் மூலப்பொருள். தண்டின் வெள்ளைச் சோற்றைத் தாளாகச் சீவி, அச்சின்மேல் அடுக்கடுக்காக ஒட்டி, காக்கித் துணியால் மூடுவார்கள். கனமே இருக்காது, வெப்பத்தைக் கடத்தாது. தலையைப் பிடிக்கும் பட்டைக்கும் தொப்பிக்கும் நடுவே விரல் நுழையும் சந்து விட்டு, உச்சியில் காற்றுத் துளையும் வைத்திருப்பார்கள். இன்றைய பேஸ்பால் கேப் அணிந்தவருக்கு இந்தச் சந்து கிடையாது. அதனால்தான் நெற்றியில் வியர்வை வளையம்.

கே: உடற்பயிற்சி டி-ஷர்ட் பாலியெஸ்டர்தானே, அது மட்டும் எப்படிக் குளிர்ச்சியாக இருக்கிறது? அந்தக் கால டெரிலின் சட்டை அடுப்பாக இருந்ததே?
– வாசகர், சேலம்

ப: இரசாயனம் ஒன்றே, 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்ததுதான். டெரிலினில் இழை வழவழப்பு, நெசவு நெருக்கம். வியர்வையை உறிஞ்சவும் செய்யாது, வெளியே விடவும் செய்யாது. இஸ்திரி வேண்டாம் என்பதற்காகவே வாங்கினார்கள். விளையாட்டுத் துணியில் இழை மிக மெல்லியது, பள்ளம் வைத்தது, பின்னலில் ஓட்டைகளும் உண்டு. வியர்வையை வெளிப்பக்கம் பரப்பி விரைவில் காய வைக்கும். ஓடும்போது நல்லது. நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிறவருக்கு அல்ல. பாலியெஸ்டர் உடம்பின் எண்ணெய்ப் பசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சாயங்காலத்துக்குள் நாறும்.

கே: வெள்ளைச் சட்டையின் அக்குளும் காலரும் மஞ்சளாகிவிடுகின்றன. பழைய காலத்தில் எப்படி வெள்ளையாகவே வைத்திருந்தார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

ப: காலரைச் சட்டையோடு தைக்காமல் வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் ட்ராய் நகரம் கழற்றி மாட்டும் காலர் செய்தே பிழைத்தது. சட்டையை வாரம் இரண்டு தடவை மாற்றினாலும் காலர் தினம் புதிதாக, கஞ்சி போட்டு வரும். 1920-களில் தைத்த மென்காலர் பரவிய பிறகு அந்த வசதி போயிற்று.

உங்கள் மஞ்சளுக்கு வியர்வை மட்டும் காரணம் இல்லை. வியர்வையைக் கட்டுப்படுத்தும் ஸ்டிக், ரோல்-ஆனில் உள்ள அலுமினிய உப்பும் அதோடு சேர்கிறது. குளோரின் பிளீச் ஊற்றினால் மஞ்சள் இன்னும் கெட்டியாகும், துணியும் இற்றுப்போகும். நீலம் போடுவது மஞ்சளை மறைக்கும், எடுக்காது. சோடியம் பெர்கார்பனேட் தூள் லிட்டருக்கு 15 கிராம், கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர். மூன்று நான்கு மணி நேரம் ஊறவிட்டு வழக்கம்போல் துவையுங்கள். பருத்திக்கும் லினனுக்கும் மட்டும்தான் இது. பட்டிலும் கம்பளியிலும் பட்டால் துணி போய்விடும். ரோல்-ஆன் தடவியதும் சட்டையை மாட்டாமல், காயும்வரை ஐந்து நிமிடம் மேல்துண்டோடு இருங்கள்.